சென்சார் வீட்டு வெள்ளைத்தாயி

செல்லூர் முச்சந்தியில் வீடு வாங்காதே, என்றைக்காவது ஒரு நாள் பஸ் உள்ளே வந்துவிடும் என்று வெள்ளைத்தாயியின் அண்ணன் தலையால் அடித்துக்கொண்டார். பஸ் வரவில்லை. சினிமாதான் வந்தது.

வீட்டின் பக்கச் சுவர் நல்ல நீளம். எதிர்ப்பக்கம் சாக்கடை. திருப்பத்தில் போகிற வருகிற எவனும் சாக்கடையைப் பார்ப்பதற்குப் பதில் சுவரைத்தான் பார்ப்பான். அதனால் பூங்கொடி டாக்கீஸில் எந்தப் படம் மாறினாலும் முதல் போஸ்டர் அந்தச் சுவரில்தான் விழும். ‘விளம்பரம் செய்யாதீர்’ என்று வெள்ளைத்தாயி தாரில் எழுதிவைத்தாள். எழுத்தின் மேலேயே ஒட்டினார்கள். முருகன் படம் போட்ட ஓடு வாங்கிப் பதித்தாள். முருகனை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றிலும் ஒட்டினார்கள். இந்தப் பக்கம் ஒரு வில்லன், அந்தப் பக்கம் ஒரு வில்லன், நடுவில் முருகன் வேலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

போஸ்டர் மேல் போஸ்டர் ஏறி, சுவர் மெத்தை போலப் பருத்துவிட்டது. மழை பெய்தால் மேல் தோல் உரியும். இந்த மாதத்துக் கதாநாயகியின் நெற்றியும் போன தீபாவளிக்கு வந்தவனின் மீசையும் ஒரே முகமாகிச் சிரிக்கும். மைதா பசையின் ருசி கண்ட தெரு ஆடுகள் வாய்க்கெட்டிய உயரம் வரைக்கும் எல்லா நடிகர்களின் கால்களையும் தின்றுவிட்டன.

வெள்ளைத்தாயி சினிமா பார்க்கிறவள் இல்லை. கல்யாணமான புதிதில் புருஷன் சன்னாசி அவளை ஒரே ஒரு படத்துக்குக் கூட்டிப்போனான். ஆரம்பத்திலேயே கதாநாயகியின் அப்பா செத்துப்போனார். வெள்ளைத்தாயி அழுத அழுகையில் முந்தானை நனைந்துவிட்டது. அடுத்த காட்சியில் அதே பெண் பூந்தோட்டத்தில் ஆடினாள். “பதினாறாம் நாள் காரியம்கூட முடியல, ஆட்டத்தப் பாரு. இவ வெளங்குவாளா?” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தவள்தான். பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. சன்னாசி மில்லுக்குப் போனான், வந்தான். அவனும் சினிமாப் பேச்சை விட்டுவிட்டான் என்றே அவள் நினைத்திருந்தாள்.

மகள் தனபாக்கியத்தைப் பெண் பார்க்க மேலூரிலிருந்து வந்த வெள்ளிக்கிழமைதான் வினை வந்தது. விடிந்து கோலம் போட வெளியே வந்தவள் சுவரைப் பார்த்து அப்படியே நின்றாள். ‘கள்ளிக்காட்டு மோகினி.’ ஆள் உயரத்துக்கு மேல் நின்றாள் அந்த மோகினி. உடம்பில் நாலு கள்ளி மடலும் ஒரு பாம்பும்தான். வெள்ளைத்தாயி ஜமக்காளத்தைத் தொங்கவிட்டுப் பார்த்தாள். ஆணி நிற்கவில்லை. வாளித் தண்ணீரை ஊற்றினாள். மோகினி நனைந்து இன்னும் மோசமானாள். அதற்குள் வாடகைக் கார் வந்து நின்றுவிட்டது. வேறு வழி தெரியாமல் முதுகைச் சுவரில் சாய்த்து, இரண்டு கைகளையும் அகல விரித்து, “வாங்க வாங்க” என்றாள்.

“என்ன மதனி, செவத்தப் புடிச்சிக்கிட்டு நிக்கிறீங்க?” என்று கேட்டாள் மாப்பிள்ளையின் அம்மா.

“குளுகுளுன்னு இருக்கு மதனி. உள்ள போங்க, இந்தா வந்துட்டேன்.”

எல்லாரும் உள்ளே போய் உட்கார்ந்த பிறகு வெள்ளைத்தாயி வந்து, பஜ்ஜித் தட்டை நடுவில் வைத்துவிட்டு, காபி எடுக்க அடுக்களைப் பக்கம் திரும்பினாள். சபை முழுக்க அவள் முதுகைப் பார்த்தது. காயாத பசையில் மோகினி இடுப்போடு பெயர்ந்து வந்து அவள் சேலையில் ஒட்டியிருந்தாள். அதற்குக் கீழே ‘தினசரி 4 காட்சிகள்’. மாப்பிள்ளையின் அப்பா மட்டும் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். அவர் பெண்டாட்டி அவரைப் பார்த்த பார்வையில் கண்ணாடியைக் கழற்றினார்.

“ஊருக்குப் போயி தகவல் சொல்லிவிடுறோம்” என்று எழுந்தார்கள். தகவல் வரவில்லை. தனபாக்கியத்துக்கு அதில் ஒன்றும் வருத்தமில்லை. “அந்த ஆளு பஜ்ஜிய ரெண்டு கையாலயும் தின்னாருமா” என்றாள். ஆனால் வெள்ளைத்தாயிக்கு ஆறவில்லை.

அடுத்த வியாழன் மத்தியானம் போஸ்டர்க்காரன் ஒச்சு சைக்கிளில் ஏணியும் பசை வாளியுமாக வந்தான். முப்பது வயது, ஒல்லி உடம்பு, தலை முழுக்கக் காய்ந்த மைதா. ஏணியைச் சாய்த்துவிட்டுத் திரும்பினால் வாளியைக் காணோம். வாளி வெள்ளைத்தாயியின் இடுப்பில் இருந்தது.

“யக்கா, வாளியக் குடுங்க. பசை காஞ்சுரும்.”

“காயட்டும். எம்மக வாழ்க்கையே காஞ்சு போச்சு. ஏண்டா எடுபட்ட பயலே, உங்க வீட்டுச் செவத்துல ஒட்டுவியா அவள?”

“எங்க வீட்டுல செவரு இல்லக்கா, ஓலைத் தட்டிதான்.”

அரை மணி நேரம் வழக்கு நடந்தது. பக்கத்து இட்லிக்கடை சீனியம்மா நாட்டாமையாக வந்து சேர்ந்தாள். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். வாரா வாரம் படத்தின் கதையை ஒச்சு முதலில் வெள்ளைத்தாயியிடம் சொல்லவேண்டும். வீட்டுப் பெண்கள் பார்க்கிற கதையாக இருந்தால் ஒட்டலாம். இல்லையென்றால் ஏணியை எடுத்துக்கொண்டு போகவேண்டியதுதான்.

அன்றைக்கே முதல் விசாரணை நடந்தது. போஸ்டரில் ஒரு பெண் ஈரச் சேலையோடு நின்றாள்.

“இவ ஏன் நனைஞ்சு நிக்கிறா?”

ஒச்சு போஸ்டரைப் பார்த்தான். வாளியைப் பார்த்தான். “நேத்திக்கடன்க்கா. புருசனுக்குக் கண்ணு தெரியல. ஆத்துல முங்கிட்டு ஈரச் சேலையோட கோயிலச் சுத்துறா.”

வெள்ளைத்தாயியின் முகம் இளகியது. “பாவம். பக்கத்துல துப்பாக்கியோட நிக்கிறவன்?”

“கோயிலுக்குக் காவல்.”

“ஒட்டு” என்றாள்.

அதிலிருந்து வியாழக்கிழமை மத்தியானம் சுவருக்குப் பக்கத்தில் தெருப் பெண்கள் கூட ஆரம்பித்தார்கள். ஒருத்தி கீரை ஆய்வாள். ஒருத்தி பூக் கட்டுவாள். சீனியம்மா உளுந்து களைவாள். ஒச்சு ஏணியின் மூன்றாவது படியில் உட்கார்ந்து கதை சொல்வான். கொள்ளைக்காரர்கள் அவன் வாயில் தாய்மாமன்கள் ஆனார்கள். கவர்ச்சி நடனக்காரி பேய் பிடித்த மருமகள் ஆனாள். வெள்ளைத்தாயி ‘ஒட்டு’ என்று சொன்ன பிறகுதான் பசை வாளி திறக்கும். தெரு அவளுக்குச் சென்சார் அக்கா என்று பெயர் வைத்தது. தபால்காரர்கூட ‘சென்சார் வீடு’ என்று சத்தமாகச் சொல்லித்தான் தபால் போட்டார். கேட்டதே பார்த்த மாதிரி இருந்ததால் யாரும் தியேட்டர் பக்கம் போகவில்லை. ஒச்சுவின் பிழைப்பும் குட்டு உடையாமல் ஓடியது.

‘பத்து விரலும் பழிவாங்கும்’ என்ற படம்தான் கெடுத்தது. போஸ்டரில் ஒருவன் கண்ணை உருட்டிக்கொண்டு நின்றான். கையில் கத்தி, கத்தியில் சிவப்பு.

“இது ரத்தம்தானடா?” என்றாள் வெள்ளைத்தாயி.

“பீட்ரூட்டுக்கா. அவன் கல்யாண வீட்டுச் சமையக்காரன்.”

“அப்ப ஏன் இப்படி முறைக்கிறான்?”

“தங்கச்சி கல்யாணத்துக்கே சமைக்க வந்துருக்கான். அவ இவன அண்ணன்னு சொல்லாம மறைக்கிறா. மாமியா வீட்டுக்குத் தெரிஞ்சா அசிங்கம்னு. போதாததுக்கு அவளோட நாத்தனாக்காரி ஒரு நகையத் திருடி சாம்பார் அண்டாவுல போட்டுட்டு, சமையக்காரந்தான் எடுத்தான்னு...”

அந்த நேரம் பார்த்து தியேட்டர் ஆள் சைக்கிளில் வந்து, “டேய், கோரிப்பாளையத்துல இன்னும் ஒட்டலையாடா?” என்று கத்தினான். ஒச்சு அவசரமாக ஒட்டிவிட்டுப் பறந்துவிட்டான். கதை சாம்பார் அண்டாவோடு நின்றது.

இரண்டு நாள் தெருவில் வேலை ஓடவில்லை. “அந்த நாத்தனா சிறுக்கி நகையக் குடுத்தாளா, இல்லையா?” என்று சீனியம்மா இட்லியைக் கருக்கினாள். ஞாயிற்றுக்கிழமை ஏழு பெண்கள் வெள்ளைத்தாயி தலைமையில் மத்தியானக் காட்சிக்குக் கிளம்பினார்கள்.

படம் ஓடியது. கத்திக்காரன் வந்தான். ஒரு விரலை வெட்டினான். அப்புறம் இன்னொன்று. அடுப்பும் இல்லை, அண்டாவும் இல்லை. “இனிமேத்தான் சமைப்பான் போல” என்று பொறுமையாக உட்கார்ந்திருந்தார்கள். இடைவேளைக்கு விளக்கு எரிந்ததும் வெளியே வந்த வெள்ளைத்தாயி முறுக்குக் கடையில் ஒரு முதுகைப் பார்த்தாள். தெரிந்த முதுகு.

“ஏங்க” என்றாள்.

சன்னாசி வாயில் முறுக்கோடு திரும்பினான்.

“மில்லுல ஓவர்டைம்னு சொன்னீக?”

“இது... இடைவேளை” என்றான் சன்னாசி.

பத்தொன்பது வருஷமாக மாதத்துக்கு நாலு ஓவர்டைம். அத்தனையும் பூங்கொடியில்தான் நடந்திருக்கிறது. ஆனால் வெள்ளைத்தாயிக்கு அப்போது அண்டா வழக்குதான் பெரிதாக இருந்தது. “உங்கள வீட்டுல வச்சுக்கிறேன்” என்று சொல்லிவிட்டு நேராக மேனேஜர் அறைக்குள் போனாள். பின்னாலேயே ஆறு பேர்.

மேனேஜர் வரதராஜுலு சாது. காது நிறைய முடி, நெற்றி நிறைய நாமம். “என்னம்மா வேணும்?” என்று எழுந்தார்.

“நாத்தனா நகைய அண்டாவுல போட்ட சீன் எங்க? ஏன் வெட்டுனீங்க?”

மேனேஜருக்கு வேர்த்துவிட்டது. படம் நீளம், அடுத்த காட்சிக்கு நேரமாகிறது என்று அன்று காலைதான் அவர் ஒரு ரீலைத் தனியாக எடுத்து மேஜைக்கு அடியில் வைத்திருந்தார். அந்த ரீலில் என்ன இருக்கிறது என்று அவர் பார்க்கவில்லை. இந்தப் பெண்களுக்கு எப்படித் தெரிந்தது?

“ஒரே ஒரு ரீலுதாம்மா” என்றார் பலவீனமாக. “சத்தம் போடாதீங்க. இப்பவே போடச் சொல்றேன்.”

இடைவேளைக்குப் பிறகு அந்த ரீலைப் போட்டார்கள். அது கிளப் டான்ஸ். ஏழு பேரும் முழுசாகப் பார்த்தார்கள். “இவதான் நாத்தனாவா?” என்று சீனியம்மா கடைசி வரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஆண்கள் பக்கத்திலிருந்து மட்டும் விசில் கிளம்பியது.

மறுநாள் ஒச்சுவைச் சுவரோடு நிறுத்தினாள் வெள்ளைத்தாயி.

“படம் பாத்துட்டுத்தான கதை சொன்ன?”

“இல்லக்கா.”

“ஒரு படம்கூடவா?”

“நான் படம் பாக்க உக்காந்துட்டா எவன் போஸ்டர் ஒட்டுறது? போஸ்டரப் பாத்து எனக்கு என்ன தோணுதோ அதச் சொன்னேன். நீங்களும் ஒட்டுன்னு சொன்னீங்க.”

“பொய் சொல்லி ஏமாத்திருக்கியேடா.”

“வாளி உங்க இடுப்புல இருந்துச்சுக்கா. நான் என்ன செய்ய?”

இனி ஒரு காகிதம்கூட என் சுவரில் ஏறக்கூடாது என்று அவள் தீர்ப்புச் சொன்னாள். ஓவர்டைம் குற்றத்துக்குத் தண்டனையாகச் சன்னாசிதான் மண்வெட்டியால் சுவரைச் சுரண்டினான். இத்தனை வருஷத்துப் போஸ்டரும் பாளம் பாளமாக, பாய் சுருள்வது போலச் சுருண்டு விழுந்தது. ஒவ்வொரு பாளத்தையும் திருப்பிப் பார்த்து, “அடடா, இது நல்ல படமாச்சே” என்று அவன் முணுமுணுத்தான். அதற்கும் திட்டு வாங்கினான். பாதிச் சுவரில் காரையும் கூடவே வந்துவிட்டது. முருகன் மட்டும் பத்திரமாக இருந்தார்.

வெள்ளையடித்த சுவர் மூன்று நாள் பளிச்சென்று இருந்தது. நாலாம் நாள் காலையில் ஒருவன் அதில் ஒன்றுக்கு அடித்துக்கொண்டிருந்தான். அடுத்து இன்னொருவன். போஸ்டர் இருந்தவரைக்கும், தலைவன் முகத்தில் போவதற்கு ஒருவனுக்கும் துணிச்சல் வரவில்லை. வெறும் சுவருக்கு என்ன பயம்? முருகன் ஓர் ஓட்டளவு இடத்தில்தானே இருந்தார். வெள்ளைத்தாயி துடைப்பத்தோடு வாசலிலேயே குடியிருந்தாள். சமைக்க நேரமில்லை.

போதாததற்குச் சீனியம்மா தினமும் வந்து நின்றாள். “யாத்தா, படம் எக்கேடோ கெட்டுப் போகுது. அந்த நாத்தனா நகைய என்னதான் செஞ்சா? அவனக் கூப்பிட்டுக் கேளேன். எனக்கு உறக்கம் வரல.”

வெள்ளைத்தாயிக்கும் வரவில்லை. அதை அவள் சொல்லவில்லை.

வியாழக்கிழமை ஒச்சு தெருவைத் தாண்டித் தலையைக் குனிந்துகொண்டு போனான். “டேய், இங்க வா” என்றாள். “ஒட்டித் தொலை. ஆனா இனிமே படத்துக் கதைன்னு சொல்லாத. ‘இது எங்கதை’ன்னு சொல்லிட்டு ஆரம்பி. பொய்யும் இல்ல, பாவமும் இல்ல. முதல்ல அந்தச் சமையக்காரன முடி.”

அன்றைக்குச் சமையல்காரன் கதை சாயங்காலம் வரைக்கும் நடந்தது. நகை சம்பந்தியின் இலையில் சாம்பாரோடு விழுந்தது. தங்கச்சி பந்திக்கு நடுவில் ‘அண்ணே’ என்று கூப்பிட்டாள். சீனியம்மா உளுந்துக் கையோடு கண்ணைத் துடைத்து, கண் எரிந்து, அதற்கும் சேர்த்து அழுதாள்.

தை மாதம் தனபாக்கியத்துக்குத் திருப்புவனத்தில் கல்யாணம் ஆனது. பெண் பார்க்க வந்தபோது சுவரில் என்ன இருந்தது என்று யாருக்கும் ஞாபகமில்லை. மாப்பிள்ளை ஒரு கையால்தான் பஜ்ஜி தின்றார்.

மாசியில் ஒச்சு மஞ்சள் காமாலையில் படுத்துவிட்டான். அவனுக்குப் பதிலாக வந்தவன் ஊமைக்கோட்டான். ஒரு வார்த்தை பேசாமல் ஒட்டிவிட்டுப் போய்விட்டான். கீரையும் பூவும் உளுந்துமாகக் கூடியிருந்த பெண்கள் சுவரைப் பார்த்தார்கள். ஒருவன் குதிரையில் போகிறான். கீழே ஒருத்தி அழுகிறாள். எல்லாரும் வெள்ளைத்தாயியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“என்னைய ஏன் பாக்குறீக? எனக்கென்ன தெரியும்?” என்றாள். வெள்ளைத்தாயி போஸ்டருக்குப் பக்கத்தில் போய் அந்தக் குதிரையை உற்றுப் பார்த்தாள். தொண்டையைச் செருமினாள்.

“எங்கததான் சொல்றேன், கேட்டுக்கங்க. இந்தக் குதிர முதல்ல இவனுது இல்ல. அவ அப்பன் வீட்டுச் சீதனம்...”

சொல்லச் சொல்ல அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. வாய் தானாகப் போயிற்று. குதிரைக்கு ஒரு மாமியார் வந்தாள், ஒரு பஞ்சாயத்து வந்தது, கொள்ளு விலை வந்தது. அன்று வீட்டில் உலை வைக்கவில்லை. சன்னாசியும் கூட்டத்துக்குப் பின்னால் நின்று கேட்டான். அந்தப் படத்தை அவன் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தான். குதிரை அதில் ஒரே ஒரு பாட்டில்தான் வருகிறது. இருந்தும் அவன் கதை முடிகிற வரைக்கும் நகரவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒச்சு எழுந்து வந்தான். கீழாநெல்லி குடித்துக் குடித்து முகம் சுண்டிப்போயிருந்தது. நடந்ததையெல்லாம் சீனியம்மா ஒன்றுவிடாமல் சொன்னாள். அவன் ஏணியைச் சாய்க்காமல் யோசித்துக்கொண்டே நின்றான்.

“குதிரைய மாமியாகிட்ட குடுத்தது தப்புக்கா” என்றான் கடைசியில். “அவ அன்னைக்கே சந்தையில வித்துருப்பா. கதை அதோட முடிஞ்சிருமே.”

“நீ சொல்லும்போது நான் குறுக்க பேசுனேனா?”

“பேசுனீங்க.”

“சரி, பேசுனேன். அதுக்கு என்ன இப்ப? அந்த மாமியா அப்படிப்பட்டவ இல்ல.”

“எல்லா மாமியாளும் அப்படித்தான்க்கா. எங்க அம்மாவே அப்படித்தான்.”

சீனியம்மா ஒச்சு பக்கம் சேர்ந்தாள். பூக்கட்டுகிறவள் வெள்ளைத்தாயி பக்கம் சேர்ந்தாள். வாளியில் பசை காய்ந்துகொண்டிருந்தது. வெள்ளைத்தாயி வாசல் படியில் உட்கார்ந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, “அந்த மாமியாளப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்? அவ பொறந்த ஊருல இருந்து சொல்றேன்” என்று ஆரம்பித்தாள்.