ஏரிக்கரைப் பள்ளிக்கூடமும் அரைமணிக்காரரும்

பார்லர் துண்டுகளைத் துவைத்துக் காயப்போடுவது அரைமணிக்காரரின் வேலை. மனைவி நடத்தும் பியூட்டி பார்லரில் வாரம் முழுக்க ஊரார் தலையைத் துவட்டிய துண்டுகள் சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு மூட்டையாக வீட்டுக்கு வந்துவிடும். மெஷினில் போட்டு எடுப்பது பெரிய காரியமில்லை. அதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் பால்கனிக்கு வெளியே நீட்டி உதற வேண்டும். இல்லாவிட்டால் முடி போய் மெஷினை அடைத்துக்கொள்ளும். கீழ்வீட்டு ஜன்னல் மூடியிருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் உதறுவார். திறந்திருந்தால் இருமுவார். அது மூடிக்கொள்ளும். பல வருஷத்துப் பழக்கம்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். நகரத்தின் நடுப்பகுதியில் எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் பாதியில் நின்று ஆள் மாட்டிக்கொண்டாலும் அவர் சட்டைப்பையில் இருக்கும் கம்பெனி ஃபோன்தான் அடிக்கும். அடித்த அரைமணிக்குள் அங்கே போய் நிற்க வேண்டும் என்பது கம்பெனி சட்டம். மற்ற மெக்கானிக்குகள் அந்த ஃபோனைக் கண்டாலே பாத்ரூம் பக்கம் நழுவிவிடுவார்கள். இவர் கேட்டு வாங்கிக்கொண்டார். ஒரு தடவைகூடத் தாமதமாகப் போனதில்லை. அதனால் வந்த பெயர்தான் அரைமணிக்காரர். வைத்தவர்கள் கிண்டலாக வைத்தார்கள். இவர் அதைப் பதக்கம் மாதிரி போட்டுக்கொண்டார்.

வீட்டில் அவர் பேச்சு பெரும்பாலும் 'ம்'தான். அதிலேயே சரி, வேண்டாம், பசிக்கிறது, பார்க்கலாம் என்று ரகம் ரகமாக உண்டு. மிச்சத்தை மனைவி பார்த்துக்கொள்வாள்.

வீடு மாற்ற வேண்டும் என்ற பேச்சு ஒரு மரத்தால் வந்தது. சின்னவனை ஸ்கூலில் மரம் வரையச் சொல்லியிருக்கிறார்கள். அவன் நடுவில் ஒரு தண்டும் மேலே கொஞ்சம் பச்சையும் போட்டுவிட்டு, சுற்றிலும் கறுப்புக் கோடு கோடாக இழுத்துக் கம்பிக்கூண்டு போட்டிருந்தான். அவர்கள் தெருவில் மரம் என்றால் அப்படித்தான் இருக்கும். ஸ்கூலும் ஒரு ஆபீஸ் கட்டடத்தின் முதல் மாடியில் இருந்தது. இடைவேளைக்குப் பிள்ளைகள் முறை வைத்துக்கொண்டு வராந்தாவில் நடந்துவிட்டு வருவார்கள்.

"பாருங்க, நம்ம பிள்ளைக்கு மரம் ஜெயில்ல இருக்கு" என்று பார்லர்க்காரி படத்தைத் தூக்கிக் காட்டினாள்.

"ம்" என்றார். பார்க்கலாம் ரகம்.

அவள் அன்றைக்கே பார்க்க ஆரம்பித்துவிட்டாள். வீடு தேடுகிறவர்கள் விளம்பரம் பார்ப்பார்கள், புரோக்கரைப் பிடிப்பார்கள். இவள் தலையைப் பார்த்தாள். நகரத்தைச் சுற்றியுள்ள எல்லாப் பக்கத்திலிருந்தும் அவள் நாற்காலிக்கு ஆள் வந்துகொண்டிருந்தது. எங்கே குடியிருக்கிறீர்கள், ஸ்கூல் எப்படி என்று கேட்டால் எல்லோரும் தங்கள் இடத்தைத்தான் புகழ்வார்கள். தலைமுடி புகழாது என்பது அவள் கட்சி.

மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்த பெயர்பெற்ற ஸ்கூலை ஒரே வாரத்தில் தள்ளிவிட்டாள். "அது வேணாங்க. அங்கேருந்து வர்றவங்களுக்கெல்லாம் முடி கொத்துக் கொத்தாக் கொட்டுது. பிள்ளைங்களுக்கு இல்ல, அம்மாக்களுக்கு. வருஷம் பூரா பரீட்சையாம்." தொழிற்பேட்டைக்குப் பக்கத்துப் பகுதி வாடகைக்குத் தோதாக இருந்தது. ஆனால் அங்கிருந்து வருகிறவர்களுக்கு இரண்டு தடவை ஷாம்பூ போட்டாலும் நுரை சாம்பல் நிறத்தில்தான் வந்தது.

கடைசியில் ஏரிக்கரைப் புறநகரிலிருந்து ஓர் அம்மா தன் இரட்டைப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அந்தப் பெண்களின் தலையைச் சீவினால் சீப்பில் புல்விதையும் காய்ந்த இலைத்தூளும் வந்தன. அம்மாக்காரி நாற்காலியில் சாய்ந்ததும் தூங்கிப்போனாள்.

"எழுப்பினாத்தான் எழுந்திரிக்கிறா. கவலையில்லாத தூக்கங்க அது!"

"ரெட்டைப் பிள்ளைங்க. அசதியா இருக்கும்" என்றார் அரைமணிக்காரர்.

"ஸ்கூலுக்குப் பின்னாலயே ஏரியாம். வாரத்துல ஒரு நாள் பாடமே வெளியிலதானாம். அந்தப் பகுதியில குடியிருந்தாத்தான் சேத்துக்குவாங்களாம். ஸ்கூல் திறக்கறதுக்குள்ள நாம போயாகணும்."

"அங்க எத்தனை மாடிக் கட்டடம் எல்லாம் இருக்கு?"

"ரெண்டு மாடிக்கு மேல கட்டக்கூடாதாம். ஏரி மறைஞ்சிடுமாம்."

"அப்ப லிஃப்டே இல்ல."

"குடியிருக்கத்தானே கூப்பிடறேன். உங்களை யாரு ரிப்பேர் பண்ணக் கூப்பிட்டா?"

அவர் மடித்துக்கொண்டிருந்த துண்டைக் கீழே வைத்தார். "அங்கேருந்து அரைமணில வர முடியலைன்னா ஃபோனை வாங்கிடுவாங்க" என்றார். அவ்வளவு நீளமாக அவர் பேசியதால் பெரியவள்கூடப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று முடிவாயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஃபோனைச் சட்டைப்பையிலும் கருவிப்பையைக் காரின் பின்பக்கத்திலும் வைத்துக்கொண்டு குடும்பத்தோடு கிளம்பினார். ரோடு காலியாகக் கிடந்தது. சிக்னல்கள்கூட அவருக்காகவே பச்சையில் நின்ற மாதிரி இருந்தன. ஏரி தெரியும் திருப்பத்தில் வண்டியை நிறுத்திக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அரைமணிக்கு இன்னும் பாக்கி இருந்தது. மனிதர் சீட்டியடித்தார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவருக்குச் சீட்டியடிக்க வரும் என்பதே மனைவிக்குத் தெரியாது.

ஸ்கூலுக்கு வேலி தாழ்வாக இருந்தது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். பை மாட்டும் கொக்கிகளைப் பிள்ளைகளின் உயரத்துக்கே அடித்திருந்தார்கள். எந்த வாத்தியாரின் தயவும் இல்லாமல் பிள்ளை தானே தன் பையை எடுத்துக்கொள்ளலாம். பார்லர்க்காரிக்கு அது ஒன்றே போதுமாயிருந்தது. பின்பக்கம் ஏரியோரமாகப் பெரிய பெரிய மரங்கள். சின்னவன் ஒன்றைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"அம்மா, இதோட கம்பியை யாரோ திருடிட்டாங்க!"

கடைத்தெருவே இல்லாத ஊர் என்று வழியெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த பெரியவள், ஸ்கூல் நூலகத்து ஜன்னலோரத்தில் தண்ணீரைப் பார்த்தபடி உட்கார்ந்து படிக்க இடம் இருப்பதைக் கண்டாள். "பரவால்ல" என்றாள். அவள் வாயிலிருந்து அதற்கு மேல் பாராட்டு வராது. வாடகைக்கு இருந்த மாடி வீட்டையும் பார்த்தார்கள். வீட்டுக்காரம்மா, "நாளைக்குள்ள சொல்லிடுங்க, இன்னும் ரெண்டு பேர் கேக்கறாங்க" என்றாள். அரைமணிக்காரர் சட்டைப்பையிலிருந்த ஃபோனைத் தட்டிக்கொண்டே, "சொல்லிடறோம்மா" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார்.

சாயங்காலம் பிள்ளைகளை ஏரியிலிருந்து பிடுங்கியெடுத்துக் காரில் ஏற்றும்போது ஃபோன் அடித்தது. ஒரு பத்து மாடிக் குடியிருப்பில் லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே வயதானவர் ஒருவர், தனியாக.

வண்டி ஏரிக்கரை ரோட்டைத் தாண்டுவதற்குள் நின்றது. முன்னால் கார்கள், கார்களுக்கு முன்னால் பஸ்கள், எல்லாவற்றின் ஜன்னலிலும் ஈரத்துண்டும் பந்தும் தூங்கிவழியும் பிள்ளைகளும். மரமும் தண்ணீரும் பார்க்க அவர்கள் மட்டுமா வந்தார்கள்? லீவு நாளில் நகரமே அங்கேதான் வந்திருந்தது, இப்போது நகரமே திரும்பிக்கொண்டிருந்தது. காலையில் ஓட்டிப் பார்த்தவருக்குச் சாயங்காலம் என்று ஒன்று உண்டென்பது தோன்றவே இல்லை.

கண்ட்ரோல் ரூமுக்குச் சொல்லி வேறு ஆளை அனுப்பப் பார்த்தார். லீவு நாளில் கிடைக்கக்கூடிய இன்னொரு மெக்கானிக்கும் ஊரில் இல்லை. லிஃப்டில் இருந்தவரின் இணைப்பைக் கேட்டு வாங்கி, ஃபோனை ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், நான் லிஃப்ட் மெக்கானிக். கிளம்பிட்டேன். லைட் எரியுதா? ஃபேன்?"

"ரெண்டும் இருக்குப்பா. ஆனா ஐஸ்கிரீம் உருகுது."

"என்ன ஐஸ்கிரீம் சார்?"

"பேத்திக்கு வாங்கினேன். ரெண்டு டப்பா. ஒண்ணு சாக்லெட்டு."

"அப்ப முதல்ல தரையில உக்காருங்க சார். உக்காந்தீங்களா? சாக்லெட்டைத் திறங்க."

"கரண்டி?"

"டப்பா மூடி அட்டையா? ரெண்டா மடிச்சா கரண்டி. லிஃப்ட்ல மாட்டினவங்களுக்கு நான் எத்தனை விருந்து நடத்தியிருக்கேன் தெரியுமா? ஒரு தடவை ஒரு பிறந்தநாள் கேக்கே உள்ள மாட்டிக்கிச்சு. கேக்குக்காரரும் மெழுகுவத்தியும் உள்ள, பிறந்தநாள்காரங்க வெளிய. கடைசியில கதவு இடுக்கு வழியா பாட்டுப் பாடினாங்க."

லிஃப்டுக்குள் கிழவர் சிரிக்கும் சத்தம் காருக்குள் கேட்டது. பின் சீட்டில் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். அரைமணிக்காரர் பேசிக்கொண்டே வந்தார். முட்டி வலி, பேத்தியின் நடன வகுப்பு, மாடியில் பழுதாகிக் கிடக்கும் தண்ணீர்த் தொட்டி என்று பேச்சு போய்க்கொண்டேயிருந்தது. கார் நகர்ந்தாலும் நின்றாலும் குரல் மட்டும் நிற்கவில்லை. பார்லர்க்காரி அவர் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். காலை முதல் இருட்டும்வரை யார் யாரிடமோ பேசித் தொழில் நடத்துகிறவள் அவள். இவ்வளவு அழகாக அவளுக்கே பேச வராது.

கிழவர் தன் மகனிடமிருந்து வந்த அழைப்பை எடுத்த நேரத்தில் சின்னவன் கேட்டான். "ஏம்ப்பா, அவர்கிட்ட பேசிக்கிட்டே இருக்கே?"

"உள்ள இருக்கறவங்களுக்கு நேரம் நீளமா இருக்கும்டா. நான் வேலைக்குச் சேந்த புதுசுல ஒரு தடவை மாட்டிக்கிட்டேன். திறந்துவிட வந்த ஆளு ஒரு வார்த்தை பேசல. கதவைத் திறந்தாரு, போயிட்டாரு. எனக்கு வெளிய வந்தும் வராத மாதிரியே இருந்துச்சு."

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது அரைமணி எப்போதோ முடிந்து, அதன்மேல் இன்னொன்றும் போயிருந்தது. குடியிருப்புச் சங்கத்துச் செயலாளர் கீழே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "அரைமணில வருவோம்னு உங்க கம்பெனிதானே போர்டுல எழுதி மாட்டியிருக்கு?" என்றார். அரைமணிக்காரர் கருவிப்பையோடு மேலே ஓடினார். கொஞ்ச நேரத்தில் லிஃப்ட் முனகிக்கொண்டு கீழே இறங்கி வந்தது. கிழவர் மோவாயில் சாக்லெட்டோடு வெளியே வந்தார்.

"ரெண்டு டப்பாவும் உருகிடுச்சுன்னு என் மருமகள்கிட்ட சொல்லிடுப்பா. எனக்கு சுகர்" என்று அரைமணிக்காரர் காதருகே சொன்னார். பிறகு கையைப் பிடித்துக்கொண்டார். சீக்கிரம் விடவில்லை.

கம்பெனிக்குப் புகார் போனது கிழவர் கையை விடுவதற்கு முன்னாலேயே. செயலாளர் ஃபோனும் கையுமாகத்தான் நின்றிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் பார்லர்க்காரி சமையலறைத் தொட்டியில் சின்னவன் ஷூவை வைத்துக்கொண்டு நின்றாள். ஏரிச் சேறு அடியில் அப்பியிருந்தது. பழைய கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் அறையில், புது வீட்டில் ஜன்னல் பக்கக் கட்டில் யாருக்கு என்று சண்டை நடந்துகொண்டிருந்தது.

அரைமணிக்காரர் உள்ளே வந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார்.

"சூப்பர்வைசர் கூப்பிட்டாரு. ஒரு தடவைதானே, பாத்துக்கலாம்னாரு. நான்தான் சொன்னேன், வீடு மாறப் போறோம், ஃபோனை வேற ஆள்கிட்ட கொடுத்துடுங்கன்னு."

சுரண்டிக்கொண்டிருந்த கத்தி நின்றது.

"ஒர்க்ஷாப்ல மோட்டார் பிரிக்கிற இடம் காலியா இருக்காம். காலையில போனா சாயங்காலம் வந்துடலாம். ஞாயித்துக்கிழமை லீவு. பசங்களோட ஏரிக்குப் போலாம்."

அவள் ஷூவைத் திருப்பி மறுபக்கத்தைப் பார்த்தாள்.

"வீட்டுக்காரம்மாவுக்கு நீயே காலையில சொல்லிடு. நல்ல ஸ்கூலு. அந்தக் கொக்கியெல்லாம் நல்லா அடிச்சிருந்தாங்க."

குழாயிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். போகவில்லை.

"மோட்டார்கிட்ட ஒண்ணும் பேச வேண்டியதில்ல. அதுவும் வேலைதானே?"

அவள் ஷூவைத் தொட்டி விளிம்பில் தட்டினாள். ஒரு கட்டிச் சேறு விழுந்தது. இன்னொரு தரம் தட்டினாள்.

"இல்ல, கேக்கறேன். அதுவும் வேலைதானே?"

அவள் அடுத்த ஷூவை எடுத்துச் சுரண்ட ஆரம்பித்தாள். அவர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, கட்டில் சண்டையை விலக்கப் போனார்.