ராமக்காளின் மேனேஜர்

வருகிறவரின் காலைத்தான் ராமக்காள் முதலில் பார்ப்பார். முகமெல்லாம் அப்புறம். அவரைப் பற்றி எழுத நான் போன அன்றும் மல்பெரித் தழை வெட்டிக்கொண்டிருந்தவர், அரிவாளை நிறுத்தாமலே என் செருப்பிலிருந்து கணுக்கால் வரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எந்த வூட்டு மண்ண மிதிச்சுக்கிட்டு வர்ற, கண்ணு?" என்றார். அரூரிலிருந்து பஸ்ஸில் வந்ததாகச் சொன்னேன். "பஸ்ஸுல பக்கத்துல யாரு உக்காந்தா? புழு வளக்கறவங்க யாருனா இருந்தாங்களா?" ஏழெட்டு நாட்டு விமான நிலையங்களில் என் பையைக் குடைந்து பார்த்திருக்கிறார்கள். பாதத்தைச் சோதித்தவர் ராமக்காள் ஒருவர்தான்.

தீர்த்தமலை போகிற சாலையை ஒட்டி ஒன்றரை ஏக்கர் மல்பெரித் தோட்டம், அதன் நடுவே நீளமாக ஒரு புழு மனை. அங்கே பட்டுப்புழு வளர்க்கிறார். வயது ஐம்பத்தொன்று. பவுடர் பூசுவதில்லை, ஊதுபத்தி கொளுத்துவதில்லை, கொசுவத்திச் சுருளை வீட்டுக்குள்ளேயே விடுவதில்லை. எல்லாம் புழுவுக்கு ஆகாது. தலைக்கு வைக்கிற மல்லிகைப் பூவைக்கூட மனைக்கு வெளியே ஆணியில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே போவார். திரும்பி வந்ததும் அதையே எடுத்து வைத்துக்கொள்வார்.

புழுக்களை அவர் "அவங்க" என்பார். "அவங்க இன்னிக்கு நல்லா சாப்ட்டாங்க." "அவங்களுக்கு இப்ப நாலாவது ஜொரம்." தோலுரிப்பதற்காகப் புழு ஒரு நாள் தின்னாமல் அசையாமல் கிடக்கும். அதற்குத்தான் ஜொரம் என்று பேர். கணவர் சென்னப்பனை மட்டும் "இந்த ஆளு" என்பார். இந்த ஆளுக்குப் பீடிப் பழக்கம் உண்டு. ரோட்டோரப் புளியமரத்தடிக்குப் போய்க் குடித்துவிட்டு, வாய் கொப்பளித்து, சட்டை மாற்றிக்கொண்டுதான் தோட்டத்துக்குள் வர முடியும். "பொண்டாட்டி சொல்லி வுடாத பீடிய புழு சொல்லி பாதி வுட்டுட்டேன்" என்று அவரே சிரிக்கிறார். மகள் சுசித்ராவின் கல்யாணத்துக்கு ஜோசியர் நாள் குறித்துக் கொடுத்தபோது, ராமக்காள் விரல்விட்டு எண்ணிப் பார்த்து, "அன்னிக்குப் புழு பழுக்கும், வேற நாள் பாருங்க" என்று திருப்பி அனுப்பினாராம். ஜோசியரும் வேறு நாள் பார்த்தார்.

பழுக்கிற நாள்தான் இந்தத் தொழிலில் எல்லாம். மூன்று வாரமாக ஓயாமல் தின்ற புழு ஒரு காலையில் தின்பதை நிறுத்தித் தலையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். உடம்பு கண்ணாடி போலப் பளபளக்கும். அன்றைக்கே எல்லாவற்றையும் கையால் பொறுக்கி, கூடு கட்டுகிற தட்டிகளில் விட்டாக வேண்டும். நேரம் தப்பினால் கண்ட இடத்தில் நூலைக் கக்கிவிடும். தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்குக் கொண்டுபோக ஒன்றும் மிஞ்சாது. அதற்கு ஆறு பெண்களின் கை வேண்டும். அந்த ஆறு பேருக்கும் தலைவி, பக்கத்துத் தெரு தமிழ்மணி. ஒரு புழுவைக்கூட நசுக்காமல் நாலு நாலாகப் பொறுக்குகிற விரல்கள் அவருக்கு.

இந்த முறை அந்த ஆறு பேரும் வரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். காரணம் மேனேஜர்.

மேனேஜர் ராமக்காளின் நாய். செவலை நிறம், ஒரு காது மட்டும் மடங்கியிருக்கும். "குட்டியிலருந்தே ஒரு வேலையும் செய்யாம எல்லாரு வேலையையும் பாத்துக்கிட்டே நிப்பான். அதான் மேனேஜர்னு வெச்சேன்." ஆனால் அவனுக்கு ஒரு வேலையைக் கற்றுக் கொடுத்ததும் அவரேதான். மூன்று வருடத்துக்கு முன்பு, வேறு ஊர்ப் புழு மனையிலிருந்து நேராக வந்த யாரோ கால் கழுவாமல் உள்ளே போய்விட, நோய் ஒட்டிக்கொண்டு அந்த முறை வளர்த்த புழு மொத்தமும் செத்தது. இரண்டு நாள் ராமக்காள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் மனை வாசலுக்குக் குறுக்கே சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் கலந்து ஒரு ஜாண் அகலத்துக்கு வெள்ளைக் கோடு போட்டார். அனுமதி இல்லாமல் அந்தக் கோட்டை யார் தாண்டினாலும் குரைக்க வேண்டும். குரைத்தால் அவித்த முட்டையில் பாதி. மேனேஜர் பத்தே நாளில் கற்றுக்கொண்டான். குரைப்பது உறுமலாகி, உறுமல் பாய்ச்சலானது. ராமக்காளுக்குப் பெருமை தாங்கவில்லை. முழு முட்டையாக்கினார்.

பிறகு அவன் தோட்டத்துக்கு வெளியிலும் வேலையைக் காட்டத் தொடங்கினான். ஒரு வெள்ளிக்கிழமை வீட்டு வாசலில், கரண்ட் மீட்டர் படிக்க வந்தவரின் பேண்ட்டைக் கிழித்தான். சொந்தக்காரர் கல்யாணத்தில், மாப்பிள்ளை வீட்டாரை வாசலிலேயே கால் மணி நேரம் நிறுத்தி வைத்தான். கடைசியாகத் தமிழ்மணி. போன மாதம் வேலைக்குக் கூப்பிட ராமக்காள் விடிகாலையில் அவர் வீட்டுக்குப் போனார். மேனேஜரும் பின்னாலேயே போனான். வாசலில் கோலம் போட்டு முடித்து, மாவுக் கிண்ணத்தோடு வீட்டுக்குள் போகக் காலெடுத்து வைத்தவரின் கெண்டைக்காலைக் கவ்விவிட்டான்.

"என் வூட்டு வாசல்ல, என் வூட்டுக்குள்ள போறதுக்கு நான் இவன்கிட்ட கடி வாங்கணுமா?" என்று தமிழ்மணி அன்று போட்ட சத்தத்தைத் தெரு இன்னும் பேசுகிறது. மேனேஜருக்குத் தடுப்பூசி போட்டிருந்தது. இருந்தாலும் அரூர் ஆஸ்பத்திரியில் தமிழ்மணிக்கு எல்லா ஊசியும் போட்டார்கள். ஒவ்வொரு ஊசிக்கும் ராமக்காளே கூடப் போனார். ஊசி முடிந்ததும் பஸ் ஸ்டாண்டு பக்கம் பரோட்டா. "மூணாவது ஊசி அன்னிக்கு இவளுக்கு வலியே இல்ல, சால்னா நல்லா இருக்குன்னு ரெண்டாவது தடவ வாங்கி ஊத்திக்கிறா" என்று ராமக்காள் சொல்ல, தமிழ்மணி, "கடி நாலு பல்லு. அதுக்கு எட்டு பரோட்டாவாவது திங்க வேணாமா?" என்றார். ஆனால் கடைசி ஊசி போட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பும்போது சிரிக்காமல் சொல்லிவிட்டார். "ராமக்கா, பரோட்டா வேற, வேல வேற. அந்த நாய் இருந்தா நாங்க ஆறு பேரும் வர மாட்டோம். நாயா, நாங்களா, நீயே சொல்லு." சங்கிலியில் கட்டி வைக்கிறேன் என்றதும் எடுபடவில்லை. போன முறை கட்டியிருந்தபோது கழுத்துப்பட்டையை உருவிக்கொண்டு வந்து நின்றவன் அவன்.

புழு பழுக்க ஐந்து நாள் இருந்தது. ஆளாளுக்கு ஒரு யோசனை. தீர்த்தமலையில் கொண்டுபோய் விட்டுவிட்டால் கோயிலுக்கு வருகிறவர்கள் சோறு போடுவார்கள் என்றார் ஒருவர். "வர்றவங்களைக் கடிச்சா? பாவம் யாருக்கு?" என்று ராமக்காள் கேட்டார். சென்னப்பனின் தம்பி ராஜப்பன் தொப்பூர்க் கணவாய் அருகே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். அவரிடம் அனுப்புவது என்று சென்னப்பன் முடிவு செய்து, வேனுக்கும் சொல்லிவிட்டார். பழுக்கிற நாள் காலை ஒன்பது மணிக்கு வேன் வரும். "அங்க லாரி ஓயாம போவும். இவன் ரோட்டுக்கு ஓடினா என்னா ஆவறது?" என்று ராமக்காள் தழையைப் பார்த்துச் சொன்னார். வழக்கத்தைவிட வேகமாக வெட்டினார்.

இரண்டு நாள் கழிந்தது. சாயங்காலம், பால் சொசைட்டியில் வேலை பார்க்கிற முருகேஷ் பைக்கை ரோட்டிலேயே நிறுத்திக்கொண்டு கத்தினார்.

"அக்கா! மேனேஜர டிரான்ஸ்பர் பண்றீங்களாமே! தொப்பூருக்கு எதுக்கு? எங்க வாலிபால் டீமுக்குக் குடுத்துடுங்க!"

"ஏன், உனக்கும் ஊசி போட்டுக்கணுமா?"

"இல்லக்கா, லைன் அம்பயரா வெச்சுக்கறோம். சர்வீஸ் போடறவன் கால் கோட்டுல பட்டா போதும், ஒரே குலைப்பு. போன ஞாயித்துக்கெழம எதிர் டீமு மூணு தடவ தப்பு பண்ணானுங்க, மூணையும் இவன்தான் புடிச்சான்!"

"எந்தக் கோட்டுல?"

"கிரவுண்டுல போட்டிருக்கற கோட்டுலதான். சுண்ணாம்புக் கோடு!"

ராமக்காள் அரிவாளைக் கீழே வைத்தார். அவர் வேலையின் நடுவில் அரிவாளைக் கீழே வைத்து நான் அதுவரை பார்த்ததில்லை. ஒரு கை சுண்ணாம்பை அள்ளி வந்து, மனைக்குச் சம்பந்தமே இல்லாத காலி இடத்தில், மாட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில், ஒரு கோடு இழுத்தார். மேனேஜர் எழுந்து வந்து கோட்டுக்குப் பக்கத்தில் காவலாக உட்கார்ந்தான். ராமக்காள் அவனுக்குச் சங்கிலி மாட்டி, அதைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, "ஏங்க, இத தாண்டுங்க" என்றார்.

"நானா? உங்கூட இருபத்தெட்டு வருசம் குடும்பம் நடத்தினது போதாதா?" என்றார் சென்னப்பன்.

"தாண்டுங்கன்னா!"

தாண்டினார். மேனேஜர் சங்கிலியின் நுனி வரை எகிறினான். ராமக்காள் துடைப்பத்தை எடுத்துக் கோட்டைச் சுத்தமாகக் கூட்டித் தள்ளினார். "இப்ப தாண்டுங்க." சென்னப்பன் கண்ணை மூடிக்கொண்டு தாண்டினார். மேனேஜர் கொட்டாவி விட்டான்.

ராமக்காள் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். முதலில் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துக் கிட்டே போனேன். சிரிப்பு. "மீட்டர்காரரு வந்த அன்னிக்கு வெள்ளிக்கெழம. வாசல்ல கோலம். கல்யாண வூட்டுல தெரு அகலத்துக்குக் கோலம். தமிழ்மணி, கோலத்த தாண்டி வூட்டுக்குள்ள போனா. ஐயோ, ஊர்ல இருக்கற கோலத்துக்கெல்லாம் இவனே வாட்ச்மேன்!" முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பு அடங்கியதும் மேனேஜரின் மடங்கிய காதை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, "சொன்ன வேலையத்தான் செஞ்சான். எது என் கோடு, எது ஊரு கோடுன்னு நான் எங்க சொல்லிக் குடுத்தேன்? முட்டைதானே குடுத்தேன்" என்றார்.

மறுநாள் பொழுது சாய்வதற்குள் தமிழ்மணி வீட்டு வாசலில் போய் நின்றார். நானும் போனேன். விஷயத்தைக் கேட்டுத் தமிழ்மணி தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு இன்னொரு முறை சொல்லச் சொல்லிச் சிரித்தார். பிறகு புடவையைக் கணுக்காலுக்கு மேலே கொஞ்சம் தூக்கி, ஆறிய தழும்பைக் காட்டினார்.

"சிரிச்சுட்டா வந்துடுவேன்னு நெனக்காத, ராமக்கா. காலு என்னுது."

"தெரியும். கோட்டை அழிச்சுடறேன். வேல நாளெல்லாம் சங்கிலியிலதான் இருப்பான், புதுப் பட்டை வாங்கிட்டேன். மாட்டு டாக்டர்கிட்டயும் கேட்டேன், கத்துக்கிட்டதை மறக்கடிக்க மாசக்கணக்கு ஆவும்னாரு. ஆவட்டும். நீங்க ஒரு தடவ வந்து பாருங்க. ஒரு பல்லு வெளிய தெரிஞ்சாலும் வேன்ல ஏத்திடறேன்."

"அப்ப வேன வேணாம்னு சொல்லாத. வந்து நிக்கட்டும்" என்றார் தமிழ்மணி. "அப்பறம் ஆறு முட்டை அவிச்சு வை. நீ முட்டை குடுத்துக் கெடுத்த, நாங்க முட்டை குடுத்துத் திருத்தறோம்."

சொன்ன நாளில் புழு பழுத்தது. விடியும்போதே மனைக்குள் ஆயிரக்கணக்கான தலைகள் தூக்கிக்கொண்டு நின்றன. வாசல் கோட்டை முந்தின நாளே கழுவிவிட்டு, அந்த இடத்தில் பிளீச்சிங் தண்ணீரில் நனைத்த கோணிச் சாக்கை விரித்திருந்தார் ராமக்காள். நோய்க்கு அதுவும் போதும். சாக்குக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து, மேனேஜரைத் தொடையோடு அணைத்து, புதுப் பட்டையை ஒரு கையால் இறுக்கிப் பிடித்திருந்தார். ஒன்பது மணிக்கு வேன் வந்து அவர் முதுகுக்குப் பின்னால் நின்றது. ஆறு பெண்களும் வந்தார்கள். சென்னப்பன் தட்டில் முட்டையோடு நின்றார்.

முதல் பெண் சாக்கை மிதித்தார். மேனேஜர் காலைப் பார்த்தான். தரையைப் பார்த்தான். எதையோ தொலைத்தவன் போல ராமக்காளைப் பார்த்தான். முன்னால் முட்டை விழுந்தது. தின்றான். இரண்டாவது பெண், இன்னொரு முட்டை. மூன்றாமவர் கடவுள் பெயரை முணுமுணுத்துக்கொண்டே உள்ளே ஓடிவிட்டார். முட்டை வாசலுக்குள் உருண்டது. ஐந்து பேரும் உள்ளே போனபோது மேனேஜரின் வால் தரையைப் பெருக்க ஆரம்பித்திருந்தது.

கடைசியாகத் தமிழ்மணி. சாக்கின் மேல் ஒரு காலை வைத்தார். தழும்பு இருந்த கால். மேனேஜர் கழுத்தை நீட்டினான். ராமக்காள் பட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். அவன் அந்தத் தழும்பை நிதானமாக முகர்ந்தான். ஒருமுறை தும்மினான். பிறகு தட்டைப் பார்த்தான்.

"முட்டைக்குத்தான் பாக்கறான், திருட்டுப் பய" என்று தமிழ்மணி முட்டையைப் பிட்டு, பாதியை அவனுக்குப் போட்டு, மீதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டு, "ராமக்கா, உப்பு இல்ல" என்றபடி உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ஆறு பேரின் பேச்சும் தட்டிகளை இறக்குகிற சத்தமும் கேட்டன.

வேன்காரர் ஹாரன் அடித்தார். "அக்கா, நாய ஏத்தலாமா?"

ராமக்காள் திரும்பவில்லை. ஒரு கை பட்டையிலேயே இருக்க, இன்னொரு கையை மட்டும் முதுகுக்குப் பின்னால் நீட்டி, ஈ ஓட்டுவது போல இரண்டு முறை அசைத்தார்.