பிளாஸ்மா பெட்டிக்குள் எலுமிச்சம்பழம்

தொண்ணூறுகளில் மலேசியாவில் ரெம்பாவ் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் சிரம்பானுக்கு ஓடுவேன். அங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் அறுவைக் கருவிகளைக் கிருமிநீக்கும் பிரிவில் வேலை. டிப்ளோமா புதிது, வாய் ரொம்ப நீளம்.

எங்கள் பழைய நீராவி பாய்லர் எதைப் போட்டாலும் வேகவைத்துவிடும். வயிற்றுக்குள் பார்க்கும் கேமரா குழாய் அந்தச் சூட்டைத் தாங்காது. அதற்காக ஒரு பிளாஸ்மா பெட்டி சோதனைக்கு வந்திருந்தது. உள்ளேயிருக்கும் காற்றை உறிஞ்சிவிட்டு, ஹைட்ரஜன் பெராக்சைடை ஆவியாக்கி, மின்சாரத்தால் ஊதாவாக ஒளிரவைக்கும். கிருமி செத்துவிடும், குழாய் வெதுவெதுப்பாக வெளியே வரும். எனக்கு அதன்மேல் காதலே வந்துவிட்டது. உள்ளே ஈரத்தை இழுக்கும் துணி ஆகாது, காகிதம் ஆகாது என்று பார்த்தவர்களிடமெல்லாம் பிரசங்கம் செய்தேன். அதை வாங்கச் சொல்லி ஒரு மாதம் தலைமைத் தாதியான மேட்ரனை நச்சரித்தேன். கடைசியில் அந்த மலாய்க்கார அம்மா, தன் கண்ணெதிரே ஒரு சுற்று ஒழுங்காக முடிந்தால் கையெழுத்து, இல்லாவிட்டால் பெட்டி திரும்பிப் போகும் என்று நாள் குறித்தார்.

அது ஆயுத பூசைக்கு மறுநாளாகப் போயிற்று.

முதல் சுற்று, காற்று உறிஞ்சும்போதே ரத்து. குழாயை மறுபடி உலர்த்தினேன். ரத்து. அதைச் சுற்றிய உறையை மாற்றினேன். ரத்து. எங்கேயோ ஈரம் என்று பெட்டி அடம்பிடித்தது. மேட்ரன் கடிகாரத்தைப் பார்த்தார். நான் தலையை உள்ளே விட்டுத் துழாவினேன். கீழ்த்தட்டின் பின்மூலையில் சந்தனப் பொட்டோடு ஓர் எலுமிச்சம்பழம்.

முன்பு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி, இப்போது எங்களோடு அட்டெண்டண்டாக இருந்த அக்காவின் பக்கம் திரும்பினேன். அவர் அசரவில்லை.

"நீதானே தம்பி, துணி கூடாது, காகிதம் கூடாதுன்னே. பழத்தப் பத்தி ஒண்ணும் சொல்லலையேலா."

வெளியே வைத்திருக்கக் கூடாதா என்றேன். தோட்டத்தில் ரப்பர் ஷீட் மெஷினுக்கு உருளைகளுக்கு நடுவில்தான் பழம் வைப்பார்களாம், வாசலில் வைத்தால் மெஷினுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்.

பழத்தை எடுத்ததும் பெட்டி ஒழுங்காக ஓடி முடித்தது. கேமரா குழாய் காய்ந்து, பத்திரமாக வந்தது. ஆனால் மேட்ரன் பேனாவைத் திறக்கவில்லை. வேறு எந்த மெஷினுக்கு வைத்தாய் என்று அக்காவைக் கேட்டார்.

அக்கா நீராவி பாய்லரைப் பார்த்தார்.

ஓடிப்போய்த் திறந்தோம். காலையிலிருந்து இரண்டு சுற்று முடித்திருந்த பாய்லருக்குள், ஊறுகாய்ப் பதத்தில் ஒரு பழம் குழைந்து கிடந்தது. கத்தரிக்கோல்களிலெல்லாம் எலுமிச்சை வாசம். பாய்லர் ஒரு வார்த்தை புகார் சொல்லவில்லை.

மேட்ரன் பாய்லர் கதவைச் சாத்தினார். பிறகு, தப்பை மென்று முழுங்குகிற மெஷினைவிட முரண்டுபிடிக்கிற மெஷின்தான் தனக்கு வேண்டும் என்று மலாயில் சொல்லி, பிளாஸ்மா பெட்டிக்குக் கையெழுத்துப் போட்டார்.

"பாய்லருக்குப் பொறுமை ஜாஸ்தி," என்றார் அக்கா.

இரண்டு சுற்றுக் கத்தரிக்கோல்களையும் மறுபடி கழுவ எங்கள் இருவரையும் உட்காரவைத்தார் மேட்ரன். பழத்தைக் காட்டிக்கொடுத்த பெட்டியை வாங்கச் சொன்னவன் நானாம்.