லாட்ஜ் மாடியில் ஒரு மழைமானி

என் மழைக் குறிப்பேட்டில் இதுவரை ஒரே ஒரு மாதத்தைத்தான் முழுதாகக் கோடிட்டு அடித்திருக்கிறேன். சென்ற ஆண்டு ஆனி.

தென்காசியில் என் வீட்டு மாடியில் தினமும் காலை எட்டரைக்கு மழை அளப்பவன் நான். ஆனால் குற்றாலம் சாரலில் நனையும்போது இங்கே கொடியில் துணி காயும். அதனால் வைகாசியில், அக்காள் கணவர் குற்றாலத்தில் நடத்தும் லாட்ஜின் மொட்டை மாடியில் ஒரு தானியங்கி வானிலைக் கருவியை நிறுத்தினேன். காற்றுமானி, வெப்பமானி, மழைமானி மூன்றும் ஒரே கம்பத்தில். மழைமானிக்குள் ஒரு சிறு கிண்ணம் நிறைந்து நிறைந்து கவிழும். கவிழும் கணக்கு லாட்ஜின் வைஃபை வழியே இணையத்துக்குப் போகும். யாரும் பார்க்கலாம். அத்தான் அதை லாட்ஜ் விளம்பரத்திலும் போட்டுக்கொண்டார். எனக்கும் பெருமைதான்.

ஆனி முதல் வாரம் ஒரு மாலை தூறியது. குற்றாலத்தில் நானே நனைந்தேன். அதோடு சரி. அறைகள் காலியாகக் கிடந்தன. அடுத்த செவ்வாய்க்கிழமை திரையில் மழை ஏறியது. காற்று இல்லை, வெப்பமும் இறங்கவில்லை. செங்கோட்டைப் பக்கமிருந்து காற்று வராமல் சாரல் வராது என்று ஊருக்கெல்லாம் சொன்னவன் நான். இருந்தும், ‘காற்றுமானியில் கோளாறு’ என்று ஓரத்தில் எழுதிவிட்டு மழையை மையால் பதிந்தேன். சாரல் வந்துவிட்டது என்று நம்ப அவ்வளவு ஆசை. அடுத்த மூன்று நாளும் அப்படியே.

சனிக்கிழமை காற்றுமானியைச் சரிபார்க்கப் போனேன். அருவியில் நூலாகத்தான் தண்ணீர். கோவில்பட்டியிலிருந்து குடும்பத்தோடு வந்த ஒருவர், உடம்பெல்லாம் எண்ணெய் வழிய நின்றிருந்தார்.

“நாலு நாளா மழன்னு நெட்ல போட்டிருக்கான் அண்ணாச்சி. போட்டவன் கையில கெடச்சாம்னா இந்த எண்ணெய வழிச்சு அவன் தலையில தேய்ப்பேன்.”

நான் லாட்ஜுக்கு நடந்தேன்.

மாடியில் காற்றுமானியைத் தட்டினேன், ஒழுங்காகச் சுற்றியது. தளமெங்கும் காய்ந்திருக்க, மழைமானிக்குக் கீழே மட்டும் ஈரம். கம்பத்தடியில் ஒரு குளியலறை மக்.

அத்தான் மறைக்கவே இல்லை. “ஒரு மக்கு தண்ணி மாப்ள. அதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு நிக்கீரு.”

“எண்ணெயத் தேச்சுக்கிட்டு ஜனங்க நிக்காங்க அத்தான்.”

“வந்தாத்தான ரூம் எடுப்பான்? எப்படியும் மழ பெய்யத்தான போகுது.”

“எத்தன நாளு ஊத்துனிய?”

“யாரு எண்ணுனா? தோணுத அன்னைக்கு ஊத்துவேன். மொத வாரம் தூறுச்சுல்லா, அன்னைக்கும் ரெண்டு மக்கு. கூடக் காட்டட்டுமேன்னு.”

அக்காள் உள்ளிருந்து வந்தாள். “ஏலே, கூடப் பொறந்தவள விட ஒனக்கு இந்த டப்பாதான் பெருசா?”

கருவியைக் கழற்றிச் சாக்கில் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். அக்காள் இன்றுவரை போன் செய்யவில்லை, நானும் செய்யவில்லை.

அன்றிரவே குறிப்பேட்டை எடுத்துவைத்து நிஜ மழையைத் தனியே பிரிக்கப் பார்த்தேன். எது வானத்துடையது, எது மக்குடையது என்று சொல்ல ஒரு வழியும் இல்லை. குற்றாலத்துக்கென்று வைத்திருந்த ஆனிப் பக்கம் முழுவதையும் கோடிட்டு அடித்தேன், நான் நனைந்த நாளையும் சேர்த்து.