முன்னாடி மட்டும் போதும்

பைலிக்கு ஓசி என்றால் ஆகாது என்று வட்டமேட்டில் ஒரு பேச்சு உண்டு. அது பொய். சர்ச் பெருநாள் விருந்தில் அவன் மூன்றாம் தடவையாகத் தட்டை நீட்டியதைப் பார்த்த சாட்சிகள் இருக்கிறார்கள். வீடு தேடி வந்த ஓசிச் சாமானில் பாதியை அவன் திருப்பிக் கொடுத்தானே, அன்று கிளம்பிய பேச்சு அது.

வயது நாற்பத்து மூன்று. படுக்கையோடு கிடப்பவர்களின் வீடுகளுக்கு நர்ஸைக் கூட்டிப் போகும் பாலியேட்டிவ் ஜீப்புக்கு டிரைவர். ஒரு கேள்வி கேட்டால் முதலில் கியரைப் பார்ப்பான், அப்புறம் ரோட்டைப் பார்ப்பான். பதில் வருவதற்குள் கேட்டவர் இறங்கி, வீட்டுக்குப் போய், கட்டன் சாயாவும் குடித்திருப்பார்.

நர்ஸ் த்ரேசியாம்மா அவனுக்கும் சேர்த்துப் பேசுவாள். வண்டியில் ஏறினால் வாய் தொடங்கும், இறங்கினாலும் நிற்காது. அந்த வாயையே அடக்கியது அவளுடைய வலது முழங்கால். இனி மேடு ஏறி நடக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அதில் மாட்டிக்கொண்டவர் அவிரா. மிளகுக்கொடியில் சாய்த்த ஏணியிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே மரத்துப் போன மனிதர். வீடு மலை உச்சியில். மூத்திரக் குழாயை மாற்ற ஆள் போயே ஆக வேண்டும். போன மழையில் அவர் வீட்டுக்கு அரை மைல் முன்னால் பாதை குறுக்கே அறுந்து ஒரு பள்ளம் விழுந்தது. ஜீப் அதில் இறங்கினால் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கும். என்ஜினின் பலமெல்லாம் தொங்குகிற சக்கரத்துக்கே போய் அது சும்மா சுற்றும். தரையில் நிற்கிற சக்கரம் வேடிக்கை பார்க்கும். இத்தனை நாளும் த்ரேசியாம்மா அங்கிருந்து நடந்துதான் போனாள்.

ஒரு தடவை நாலு பேர் அவிராவை நாற்காலியில் தூக்கிக் கீழே கொண்டுவந்து பார்த்தார்கள். முதுகில் புண் வந்து ஒரு மாதம் காய்ச்சலில் கிடந்தார். "இன்னொரு வாட்டி தூக்கறதா இருந்தா நேரா சர்ச்சுக்கே தூக்கிட்டுப் போங்க. கல்லறையும் அங்கதான இருக்கு, ஒரே நடை" என்றார். ஜூன் மாத இடவப்பாதி மழைக்கு மூன்று வாரம் இருந்தது.

அப்போது சர்ச் முற்றத்துக்கு வந்து சேர்ந்தான் டிட்டோ. கோட்டயம் பக்கத்து ரப்பர்க்கார வீட்டுப் பையன். சேற்றில் ஜீப் ஓட்டிக் கோப்பை வாங்குகிறவன். எப்போதும் எதிரில் ஒரு கேமரா இருப்பது போலவே பேசுவான்.

"சேட்டா, சிம்பிள். இது டிஃபரன்ஷியல் லாக். மாட்டினா ரெண்டு சக்கரமும் ஒண்ணாத்தான் சுத்தும். ஒண்ணு தொங்கினாலும் இன்னொண்ணு தள்ளிடும். என் வண்டிக்கு ஸ்விட்ச் வெச்ச புதுசு வந்தாச்சு. இந்தப் பழைய செட்டு தானா லாக் ஆகற டைப். பின் அச்சுக்கு ஒண்ணு, முன் அச்சுக்கு ஒண்ணு. உங்களுக்கும் அதே மாடல் ஜீப்தான? ரெண்டையும் போட்டுக்குங்க, மலையே வழிவிடும்!"

பாலியேட்டிவ் கமிட்டித் தலைவர் மாத்துக்குட்டி சாருக்கு ஒரே சந்தோஷம். பக்கத்தில் நிற்பவரிடமும் மைக்கில் பேசுவது போலப் பேசுகிற ரிட்டயர்ட் வாத்தியார் அவர். "அன்புள்ள பைலி! ஞாயிற்றுக்கிழமை குர்பானா பூசை முடிஞ்சதும் சின்னதா ஒரு விழா! ஒரு ஃபோட்டோ! திங்கக்கிழமை ரெண்டையும் மாட்டறோம்!"

பைலி கியரைப் பார்க்க வழியில்லாமல் தன் செருப்பைப் பார்த்தான்.

"முன்னாடி மட்டும் போதும் சார். பின்னாடி வேணாம்."

டிட்டோ சிரித்தே விட்டான். "சேட்டா, எல்லாரும் முதல்ல பின்னாடிதான் போடுவாங்க. மேடு ஏறும்போது வெயிட்டு பின்னாடிதான வரும்? முன்னாடி மட்டும்னா... சட்டை போட்டுட்டு முண்டு கட்டாம போற மாதிரி இருக்கு!"

"வழியில சாய்ப்பாறை இருக்கு" என்றான் பைலி.

சாய்ப்பாறை பள்ளத்துக்கு முன்னால் வரும். ஏற்றமே கிடையாது. ஆனால் பாறை முழுக்க ஓரத்து அதலபாதாளக் கிடங்கைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். மழைக்காலத்தில் பாசி.

"இருக்கட்டுமே. லாக் இருந்தா நல்லா பிடிக்கும்ல?"

"பிடிக்காது. லாக் இல்லாட்டி ஒரு சக்கரம் வழுக்கும், இன்னொண்ணு பிடிச்சு நிக்கும். லாக் இருந்தா ரெண்டும் சேர்ந்து வழுக்கும். வண்டியோட வாலு கிடங்குக்குப் போயிடும்."

"டேய் பைலி," மாத்துக்குட்டி சாரின் மைக் கொஞ்சம் கரகரத்தது. "அந்தப் பையன் கோப்பை வாங்கினவன். நீ என்ன வாங்கியிருக்க? ஓசியா வந்தத வேணாம்னா கமிட்டிக்கு நான் என்ன பதில் சொல்ல? வாலு போகும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

பைலி நிமிர்ந்தான். நிமிர்ந்தால் பேசித்தான் ஆக வேண்டும். பேசினால் எதைப் பேச வேண்டும் என்பதும் அவனுக்குத் தெரியும்.

"பத்தொம்பது வருசம் முன்னாடி ஏலக்கா மூட்டையோட உங்க ஜீப்ப அங்க கவுத்தனே, சார்..."

"பிரேக் போயி."

"பிரேக் போகல."

சர்ச் முற்றத்தில் நின்ற எல்லாரும் பைலி பக்கம் திரும்பினார்கள்.

"சேத்துல அடிக்கடி மாட்டுதேன்னு, உங்களுக்குத் தெரியாம பின் அச்சு பல்லுங்கள வெல்டு வெச்சு ஒண்ணா ஒட்டிட்டேன். அதுவும் லாக்குதான், ஏழைங்க லாக். சேத்துல சிங்கம் மாதிரி ஏறுச்சு. சாய்ப்பாறையில வாலு போச்சு. நான் குதிச்சுட்டேன்."

மைக் இல்லாத மாத்துக்குட்டி சாரின் குரலை ஊர் அன்றுதான் முதல்முறையாகக் கேட்டது.

"அப்போ... அந்த வண்டிக்கு பிரேக் மாத்திக் கொடுத்த மெக்கானிக் குஞ்ஞுமோன்?"

"அவன் மேல தப்பில்ல சார்."

"பத்தொம்பது வருசமா நான் அவங்கூடப் பேசலியேடா! அவன் உக்காந்த பெஞ்சுல குர்பானாவுக்குக் கூட உக்காந்தது இல்லியேடா! அவன் பொண்ணு கல்யாணத்துக்குப் போகாம, வயித்துவலின்னு ஆள்விட்டுச் சொன்னேனேடா!"

"இப்ப நிஜமாவே வலிக்கும் பாருங்க சார்" என்றாள் த்ரேசியாம்மா. டிட்டோ கேமராவை மறந்து நின்றான். ஆனாலும் அவனுக்கு ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது.

"சரி சேட்டா, முன்னாடி போட்டா மட்டும் சாய்ப்பாறையில வழுக்காதா?"

"அங்க ரெண்டு சக்கர டிரைவுலதான் போவேன். முன் அச்சுக்குப் பலமே போகாது. பலம் போகாட்டி லாக்கும் தூங்கும். பள்ளத்துக்கு வந்ததும் லீவரத் தள்ளி நாலு சக்கரம் போடுவேன். அப்பதான் அது எந்திரிக்கும்."

டிட்டோ கொஞ்ச நேரம் விரலால் காற்றில் சக்கரம் வரைந்தான். "அப்போ லீவர்தான் ஸ்விட்ச்சு! ஆனா ஸ்டியரிங் கல்லு மாதிரி இருக்குமே?"

"எனக்குக் கை இருக்கு."

மாத்துக்குட்டி சார் எழுந்து கேட்டைப் பார்த்து நடந்தார். பாதியில் திரும்பாமலே, "முன்னாடி மட்டும் போடு" என்றார். பிறகு, "கிளம்புடா. குஞ்ஞுமோன் கடைக்கு. நீயும் வா, நீதான் முதல்ல" என்றார். அந்தக் கடையில் நடந்ததை ஊர் நாலு விதமாகச் சொல்கிறது. குஞ்ஞுமோன் ஸ்பேனரை எறிந்தான் என்பது மட்டும் நாலிலும் வருகிறது.

மழை தொடங்கிய மூன்றாம் நாள் குழாய் மாற்றும் முறை. சாய்ப்பாறையில் பைலி இரண்டு சக்கரத்தில் விட்டான். ஒரு பின் சக்கரம் பாசியில் சுற்றியது, மற்றது பிடித்தது. த்ரேசியாம்மா வலது பக்கம் கிடங்கைப் பார்க்காமல், இடது பக்கம் மலையைப் பார்த்து ஜெபமாலை உருட்டினாள். பள்ளத்தில் லீவரைத் தள்ளினான். ஒரு முன் சக்கரம் அந்தரத்தில் தொங்கியது. மற்றது கல்லைக் கவ்வி ஏறியது. ஸ்டியரிங் எதிர்ப்பக்கம் இழுக்க, அவன் இரண்டு கையாலும் தொங்கினான். மேலே வந்தபோது தோளில் எதுவோ பிசகியிருந்தது. அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

வீட்டு முற்றத்து வளைவில் முன் சக்கரத்திலிருந்து டக், டக் என்று சத்தம்.

"யாருடா அது?" உள்ளேயிருந்து அவிராவின் குரல். "வண்டிக்குள்ள கோழி அடை வெச்சிருக்கியா?"

"நான்தான் அச்சாயா!" த்ரேசியாம்மா வாசற்படியிலேயே இறங்கினாள். செருப்பில் சேறு படவில்லை. "வாசல் வரைக்கும் பல்லக்குல வந்திருக்கேன்!"

"அப்போ நாலு பேரு தோள் தப்பிச்சுது."

பிசகிய ஐந்தாவது தோளோடு பைலி முற்றத்தில், வண்டிக்கு அடியில் குனிந்து முன் அச்சைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவிராவின் பெண்டாட்டி வெந்த மரவள்ளிக் கப்பையும் காந்தாரி மிளகுச் சம்மந்தித் துவையலும் கொண்டுவந்து கொடுத்தாள். பைலி இடது கையால் வாங்கினான்.

"என்னடா, வலது கை என்னாச்சு?" என்றாள் அவள்.

பைலி ரோட்டைப் பார்த்தான். அப்புறம் கேட்டான்:

"அடுத்த குழாய் மாத்தற முறை எந்தக் கிழமை, சேச்சி?"