ஸ்கேன் அறையில் ஒரு வாவ்

அந்தப் பெண் வாவ் என்று சொன்னபோது நான் அம்மாவின் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றிருந்தேன்.

அம்மாவுக்கு ஆறேழு மாதமாக வயிறு உப்பிக்கொண்டே வந்தது. கூட்டேரிப்பட்டுக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊர். அப்பா போன பிறகும் நிலத்தை விடாமல் அம்மாவே வேர்க்கடலை, எங்கள் ஊர்ப் பேச்சில் மல்லாட்டை, போட்டுக்கொண்டிருந்தாள். கேட்டால் கேஸ் என்பாள், வயசானா எல்லாருக்கும் தொப்பை விழும் என்பாள். நான் திண்டிவனத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் ஆங்கில ஆசிரியை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போகப் புடவை கட்டும்போது கொசுவம் நிற்காமல் நழுவுவதைப் பார்த்துவிட்டு வலுக்கட்டாயமாக டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். விழுப்புரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரின் பெயரை எழுதிக் கொடுத்து உடனே போகச் சொன்னார்.

ஒன்றரை லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு, சிறுநீரை அடக்கிக்கொண்டு அம்மா ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டதும் உள்ளே போய்ப் படுத்தாள். இளம் டாக்டர் ஒருத்தி வயிற்றில் பசையைத் தடவினாள். பக்கத்தில் பயிற்சிக்கு வந்த இரண்டு பெண்கள். கருவியை வைத்த மறுநிமிடம் டாக்டர், "ஓ மை காட்!" என்றாள்.

பயிற்சிப் பெண்கள் திரைக்கு அருகில் குனிந்தார்கள். "நோ வே!" என்றாள் ஒருத்தி. "வாவ்!" என்றாள் இன்னொருத்தி. ஃபுட்பால் சைஸ், இந்த மாதிரிப் பார்த்ததே இல்லை என்று மூவரும் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டார்கள். வாவ் சொன்னவள் கைபேசியை எடுத்துத் திரையைப் படம் பிடித்தாள். நடுவில் என் அம்மா, புடவை விலகிய வயிற்றோடு, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். அவர்களில் ஒருத்தியும் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் எட்டாம் வகுப்புக்கு வியப்பிடைச்சொற்கள் நடத்துகிறவள். மகிழ்ச்சிக்கு வாவ், துக்கத்துக்கு அலாஸ் என்று கரும்பலகையில் இரண்டு பத்தியாக எழுதிப் போட்டிருக்கிறேன். அலாஸ் என்று சொல்லி அழுத ஒரு மனுஷரையும் நான் இதுவரை கண்டதில்லை. வாவை மட்டும் நல்லதற்கும் கெட்டதற்கும் சேர்த்து எல்லோரும் வைத்திருக்கிறார்கள். அந்த அறையில் அவர்கள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரிந்தது. வாயைத் திறக்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

"ஒன்னும் இல்லம்மா, எழுந்துக்கோங்க. ரிப்போர்ட் வெளிய குடுப்பாங்க" என்று டாக்டர் ஒரு காகிதத்தைக் கொடுத்துத் துடைத்துக்கொள்ளச் சொன்னாள்.

வெளியே வந்ததும் அம்மா என் கையைப் பிடித்தாள். "வாவ்னாங்களே, நல்லாத்தான இருக்குது?"

டிவியில் சமையல் போட்டி ஒன்று விடாமல் பார்ப்பாள். அங்கே ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு நடுவர்கள் வாவ் என்பார்கள். அம்மாவுக்குத் தெரிந்த வாவ் அது.

"ஆமாம்மா. நல்லாருக்குதாம்" என்றேன்.

"அதான் சொன்னேன், கேஸுதான்னு. நீதான் பேஜாரு பண்ணிக்கினு கூட்டியாந்த" என்று சிரித்தாள். பாத்ரூம் எங்கே என்று கேட்டுக்கொண்டு வேகமாகப் போனாள்.

ரிப்போர்ட் வந்தது. சூலகத்தில் பெரிய கட்டி, உடனே அறுவை சிகிச்சை மருத்துவரைப் பார்க்கவும் என்று இருந்தது. அளவைப் படித்துவிட்டுத் திரும்பவும் படித்தேன். பாத்ரூம் கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது அந்தப் பயிற்சிப் பெண் வெளியே வந்து, வரவேற்பு மேசையில் இருந்தவளிடம் கைபேசியை நீட்டினாள்.

"ஓ மை காட்! ரியலி?" என்று மேசைக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ தெரியாது. வகுப்பில்கூட நான் அப்படிக் கத்தியதில்லை.

"என்னாடி சிரிப்பு? எங்கம்மா வயித்துல இம்மாம் பெரிய கட்டி இருக்குது. பொழைப்பாங்களா இல்லியான்னு நான் ஒதறிக்கினு நிக்கிறேன். உங்களுக்கு அது வாவா? வேடிக்கையா? உங்கம்மாவப் படுக்க வச்சி இதே மாதிரி படம் எடுத்துக் காட்டுவியா?"

காத்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். டாக்டர் வெளியே ஓடிவந்தாள். "மேடம், காம் டவுன். அது சும்மா ஒரு எக்ஸ்பிரஷன்தான். தப்பா எடுத்துக்காதீங்க."

"எக்ஸ்பிரஷன் என்னான்னு எனக்குத் தெரியும், நான் இங்கிலீஷ் டீச்சர். மொதல்ல அந்தப் படத்த என் கண்ணு முன்னாடி அழிக்கச் சொல்லுங்க."

அந்தப் பெண் அழுதுகொண்டே அழித்தாள். அவள் அழுததைப் பார்த்து எனக்கு இரக்கம் வரவில்லை. இன்னும் நாலு வார்த்தை கேட்கத்தான் வாய் துடித்தது. திரும்பினேன். அம்மா பின்னால் நின்றிருந்தாள். முந்தானையால் கையைத் துடைத்தபடி, துடைப்பதைப் பாதியில் நிறுத்தி.

பஸ்ஸில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டியதும் கேட்டாள்.

"எத்தினி பெருசு?"

"பெருசுதாம்மா. எடுத்துடலாம். பயப்படாத."

"எங்கிட்ட எதுக்கு நல்லாருக்குதுன்ன?"

"நீ பயந்துருவன்னுதான்."

"அந்தப் பொண்ணுங்களுக்கு நான் யாருன்னு தெரியாது, எனக்குத் தெரியாத பாஷையில பேசிக்கினாங்க. நீ தெரிஞ்ச பாஷையில பொய் சொன்ன. அவ்ளோ பெருசப் பாத்தா யாருக்கும் வாயில ஏதாவது வரத்தான் செய்யும். நீ யோசிச்சில்ல சொன்ன?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "உனக்காகத்தான அங்க கத்துனேன்?"

"எனக்காகவா? வந்தவங்க போனவங்க எல்லாம் கேக்குற மாதிரி, பொழைப்பாங்களா இல்லியான்னு கத்துன. என் வயித்துல கட்டின்னு ஊருக்கே தெரிஞ்ச பொறவுதான் எனக்குத் தெரிஞ்சிது."

கூட்டேரிப்பட்டில் இறங்கும்போது கை கொடுத்தேன். பிடிக்காமல் கம்பியைப் பிடித்து இறங்கினாள். வீடு வந்து, அவள் ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தபோது, ரிப்போர்ட்டை எடுத்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். புற்றாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்பதையும் சொன்னேன். தழையைக் கீழே வைக்காமல் கேட்டு முடித்தாள். "எப்ப கிழிப்பாங்களாம்?" என்று மட்டும் கேட்டாள்.

அன்று மாலையே அந்த ஸ்கேன் சென்டருக்கு மின்னஞ்சல் எழுதினேன். நடந்ததை நடந்தபடி, ஒரு வார்த்தை கூட்டாமல் தமிழில் எழுதினேன்.

பதினைந்து நாள் கழித்து அறுவை சிகிச்சை நடந்தது. முடிந்ததும் சர்ஜன் என்னைக் கூப்பிட்டு, எடுத்ததை ஒரு தட்டில் காட்டினார். வார்டில் அம்மாவுக்கு மயக்கம் தெளிந்து முதலில் கேட்டது அதைத்தான்.

"பாத்தியா? எப்பிடி இருந்திச்சி?"

இந்த முறை ஒளிக்கவில்லை. இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். நிறத்தைச் சொன்னேன். அதன் மேல் ஓடிய நரம்பைக்கூடச் சொன்னேன்.

"சேசுவே! மாதாவே!" என்றாள் அம்மா. "இதத் தூக்கிக்கினா நான் மல்லாட்டை புடுங்கினேன்?" சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. தையல் இழுத்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னைத்தான் திட்டினாள்.

பரிசோதனை முடிவில் புற்று இல்லை என்று வந்தது. அதே வாரம் ஸ்கேன் சென்டரிலிருந்து பதிலும் வந்தது. தமிழில் எழுதியவளுக்கு ஆங்கிலத்தில் மூன்று வரி. உங்கள் அனுபவத்தை அறிந்து நாங்கள் மிகுந்த அதிர்ச்சியும் ஆச்சரியமும் அடைந்தோம் என்று இருந்தது. கீழே கையெழுத்தோ பெயரோ இல்லை. பள்ளி ஓய்வறையில் வைத்துப் படித்தேன். சிவப்புப் பேனாவால் அடித்துத் திருத்த முடியாத கோபம். அங்கேயே உட்கார்ந்து திரும்ப எழுதினேன். அதிர்ச்சி அடைந்தது யார், ஓ மை காட் சொன்ன டாக்டரா, படம் எடுத்த பெண்ணா, சிரித்த மேசைக்காரியா? ஆச்சரியப்பட என்ன இருக்கிறது, உங்கள் கண் முன்னால் நடந்ததுதானே? இனிமேல் ஸ்கேன் அறைக்குள் கைபேசி கொண்டுபோகக் கூடாது என்று சொல்லியாவது வைத்தீர்களா?

அதற்குப் பதில் இல்லை. இரண்டு முறை நினைவூட்டியும் இல்லை.

"உடுடி. கட்டியே பூடுச்சி, நீ இன்னும் அதையே கட்டிக்கினு இருக்கிற" என்கிறாள் அம்மா. என்னால் விட முடியவில்லை. அம்மா மன்னித்தது அம்மாவின் விஷயம்.

அடுத்த மாதம் மறுபடி ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். வேறு இடத்துக்குத்தான் போகிறோம். கருவியை வைப்பதற்கு முன்னாலேயே டாக்டரிடம் கண்டிப்பாகப் பேசிவிடப் போகிறேன் என்று நேற்று சொன்னேன்.

"நீ வெளிய குந்து" என்றாள் அம்மா. "நானே கேட்டுக்கறேன்."