கதிர்வேலின் வீட்டோ

கடலூரில் கெடிலம் ஆற்றை ஒட்டிப் புதிதாக முளைத்த நகர் ஒன்றில் லோகநாயகி குடியிருந்தாள். அரசு ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கிற வேலை. கணவர் சுப்பராயலு பக்கவாதத்தில் படுத்துவிட்டார். ஐப்பசி பிறந்தால் தெருத் தண்ணீர் நேராக அவள் வீட்டுக்குத்தான் வரும். போன மழையில் கூடத்துக்குள்ளேயே வந்துவிட்டது. இந்த மழைக்குள் வாய்க்கால் திறக்காவிட்டால் அந்த மனுஷனைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது என்பதுதான் அவள் கவலை.

தெரு வாய்க்காலை அடைத்தவர் அதே தெருக் கதிர்வேல். தன் வீட்டு வாசலில் காரை ஏற்றி இறக்க, குழாய்கூட வைக்காமல் மண்ணை நிரப்பி மேலே சிமெண்ட் பூசிக்கொண்ட புண்ணியவான்.

கேட்பதற்கு நகரில் ஒரு சங்கம் இருந்தது. சட்டம் எழுதியவர் திருநாவுக்கரசு, சிதம்பரத்தில் அரசியல் பாடம் நடத்தி ரிட்டயர் ஆன பேராசிரியர். ஐ.நா. சபைமேல் மனிதருக்கு அப்படியொரு மோகம். வீட்டுக்கு ஒரு ஓட்டு என்று பொதுச்சபை. அதற்குமேல் பாதுகாப்புக் குழு. அதில் ஐந்து பேர் நிரந்தரம். ஆரம்பத்தில் மனை புரோக்கரோடு சண்டைபோட்டு ஜெயித்தவர்கள். அவர்களில் ஒருவர் 'வீட்டோ' என்றால் மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும். கதிர்வேல் அந்த ஐவரில் ஒருவர். பேராசிரியர் பொதுச்செயலாளர்.

பொதுச்சபையில் லோகநாயகி எழுந்து பேசினாள். சிமெண்டை இடிக்கச் சொல்லி நகரே கை தூக்கியது. கைதட்டல் வேறு.

"அப்ப நாளைக்கே இடிச்சிடலாமா சார்?"

"இது வெறும் பரிந்துரைதாம்மா. குழு ஒத்துக்கணும்."

குழு கூடியது. கதிர்வேல் ஒரே வார்த்தை சொன்னார். முடிந்தது கதை.

"நம்ம சட்டத்துல கோர்ட்டும் இருக்குதே சார்?"

"இருக்குது. ஆனா விசாரணைக்குக் கதிர்வேலும் சம்மதிக்கணும். தீர்ப்பு வந்து அவுரு கேக்கலன்னா, மறுபடி குழுவுக்குத்தான் வரணும்."

"அங்க அவுருதான குந்தியிருக்காரு?"

"நடைமுறைன்னு ஒண்ணு இருக்குதும்மா. நான் ஆழ்ந்த கவலை தெரிவிச்சிருக்கேன்."

கவலையாம்! இத்தனை படித்தும் ஒரு முழ வாய்க்காலைத் திறக்க வக்கில்லை. இந்த லட்சணத்துக்கு மேஜை, மைக், சால்வை.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. தண்ணீர் வாசல்படி தாண்டியதும் லோகநாயகி பேராசிரியருக்குப் போன் போட்டாள். அவசரக் கூட்டம் என்றாலும் முறைப்படி முன்னறிவிப்பு தரவேண்டும் என்றார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டு, பக்கத்து வீட்டில் கடப்பாரை வாங்கிக்கொண்டு நடந்தாள். கொட்டுகிற மழையில் தனியாளாக நின்று இடித்தாள். கதிர்வேல் மாடியிலிருந்து கத்தினாரே தவிர, நனைய மனசில்லாமல் கீழே இறங்கவில்லை. சிமெண்ட் பிளந்தது, மண் கரைந்தது, வாய்க்கால் இரைந்துகொண்டு ஓடியது.

சாயங்காலமே குழு கூடிவிட்டது. முன்னறிவிப்பெல்லாம் அன்றைக்கு யாருக்கு வேண்டியிருந்தது? ஐந்து பேரும் ஒருவர் பாக்கியில்லாமல் கை தூக்கினார்கள், லோகநாயகியைக் கண்டித்து.

கண்டனத் தீர்மானத்தை நேரில் படித்துக் காட்டப் பேராசிரியர் வந்தார். தண்ணீர் வடிந்துபோன கூடத்தில் சுப்பராயலுவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, முழுவதும் படித்தார். அவர் வேட்டி நுனிகூட நனையவில்லை.